ஒட்டுப்பட்டியும் வாவிக் காயமும்

மீன் வெட்டும்போது கத்தி பட்டுவிட்டதா? வெட்டு நேராகவும் ஆழமில்லாமலும் இருந்தால் தையல் தேவைப்படாது. பாமசியில் கிடைக்கும் மெல்லிய ஒட்டுப்பட்டிகளே போதும். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். சுற்றியுள்ள தோல் நன்றாகக் காயட்டும். ஈரத்தில் பட்டி நிற்காது. முதல் பட்டி காயத்தின் நடுவில், குறுக்காக. ஒரு பக்கம் ஒட்டி, விளிம்புகளை விரலால் சேர்த்துப் பிடித்து, மறுபக்கம் ஒட்டுங்கள். மற்றவற்றைச் சிறு இடைவெளி விட்டு இருபுறமும் ஒட்டலாம். விரலை வளையமாகச் சுற்ற வேண்டாம், வீங்கினால் இரத்தோட்டம் தடைப்படும். இரண்டு நாள் நனைக்காதீர்கள். பட்டியைப் பிய்க்கவும் வேண்டாம், பத்து நாளுக்குள் தானே கழன்றுவிடும்.

மட்டக்களப்பு வாவிக்குள் இறங்குபவர்களின் காயம் வேறு. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனை வரை நீளும் இந்த உவர்நீரில் மட்டி ஓடு கீறும், கெளுத்தி முள் குத்தும். சேறு படிந்த அந்தக் காயத்தை ஒட்டி மூடினால் கிருமி உள்ளே அடைபடும். உவர்நீரில் வாழும் விப்ரியோக் கிருமிகளில் சில, நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு மிக வேகமாக ஆபத்தாகலாம். கழுவி, துணியால் தளர்வாக மூடி, வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள். பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லையா? 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.