பழைய டிஜிட்டல் காமிராவைத் தூக்கிப் போடுமுன்...

சென்ற கோடை விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்த என் மகள், "அப்பா, நம்ம வீட்டுல பழைய டிஜிட்டல் காமிரா ஏதாவது கிடக்கா?" என்று கேட்டாள். அவள் கையில் இருக்கும் செல்போனில் மூன்று லென்ஸ்கள். "அதை வச்சுக்கிட்டு இது எதுக்கும்மா?" என்றேன். "எல்லாரும் இப்ப அதைத்தான் தேடறாங்கப்பா. அதுல எடுத்தா படம் வேற மாதிரி இருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சிறிய காமிராக்களின் கதையே அப்படித்தான். ஜப்பானியக் காமிரா தயாரிப்பாளர்களின் கணக்குப்படி 2010-ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் பத்துக் கோடிக்கு மேல், லென்ஸைக் கழற்ற முடியாத, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வகை. 2023-ல் அந்த வகை சுமார் 17 லட்சம்தான். நடுவே வந்த செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஆனால் விற்ற காமிராக்கள் எங்கே போயின? உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒன்று, பரணில் ஒன்று, ஊரில் தம்பி வீட்டு பீரோவில் ஒன்று என்று கிடக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் காமிராவில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் உபயோகப்படலாம்.

2006 ஜூலையில் ஊருக்குப் போயிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் சித்தூர். 1953-ல் ஆந்திரம் பிரியும் வரை சென்னை மாநிலத்தில் இருந்த மாவட்டம். வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் பிறந்தால் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய் அதை நிறைவேற்ற வேண்டும், அதைப் படமும் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

காணிப்பாக்கம் தெரியாத வாசகர்களுக்காக: சித்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், திருப்பதியிலிருந்து எழுபது கிலோமீட்டர், பாஹுதா நதிக்கரை. கண் தெரியாத, காது கேளாத, வாய் பேசாத மூன்று சகோதரர்கள் கிணற்றைத் தூர் வாரியபோது மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு ரத்தம் பெருகியதாம், தண்ணீர் சிவந்ததாம், மூவர் குறையும் தீர்ந்ததாம். அந்தக் கிணற்றில் இருந்த சுயம்புப் பிள்ளையார்தான் வரசித்தி விநாயகர். ஊர் ஜனங்கள் உடைத்த தேங்காய்களின் இளநீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் காணிப்பாக்கம் என்று பெயர் வந்தது என்பார்கள். முதலாம் குலோத்துங்க சோழன் கட்டிய கோயில் என்பது ஊர் வழக்கு. இன்னொரு விசேஷம், அங்கே சத்தியம் செய்வது. கடன் தகராறு, திருட்டுச் சந்தேகம் எதுவானாலும் குளத்தில் முழுகிவிட்டு வந்து பிள்ளையார் முன்னால் பிரமாணம் செய்வார்கள். அங்கே பொய் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

அன்று காலை நடந்தது இது. சன்னதியில் படம் எடுக்கக் கூடாது, அது தெரிந்ததுதான். வெளியே வந்து தேங்காய் உடைக்கும் இடத்தில் அம்மா பேத்தியின் கையைப் பிடித்து முதல் காயை உடைத்தாள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது படத்துக்குப் பிறகு காமிரா திரையில் "மெமரி ஃபுல்" என்று வந்தது. அடிக் கதவைத் திறந்து பார்த்தால் மெமரி கார்டு வைக்கும் இடம் காலி! முதல் நாள் திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் படங்களை சி.டி.யில் ஏற்றித் தரச்சொல்லிக் கார்டைக் கொடுத்தவன், திரும்ப வாங்காமலே வந்திருக்கிறேன்.

"கார்டே இல்லம்மா. ஒண்ணும் விழல" என்றேன். "அப்போவே சொன்னேன், நம்ம ஊர் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு. சரி விடுடா, பிள்ளையார் பார்த்துட்டாரு, அது போதும்" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, முகம் வாடிவிட்டது. சாயங்காலம் கார்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். திருமலைப் படங்கள் இருந்தன. காணிப்பாக்கப் படம் ஒன்றுகூட இல்லை. அப்போது அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அம்மா 2009-ல் காலமானாள்.

இனி காமிராவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஃபிலிம் இருந்த இடத்தில் இந்தக் காமிராவில் ஒரு சிலிக்கன் சில்லு இருக்கிறது. அந்தக் காலத்துச் சிறிய காமிராக்களில் பெரும்பாலும் சி.சி.டி. என்ற வகை. 1969-ல் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தது எங்கள் நியூ ஜெர்ஸி மரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில்தான். இதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒளி விழும் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்னக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி மழை மாதிரிப் பெய்கிறது, குடங்களில் மின்னேற்றம் நிறைகிறது. பிறகு கிணற்றடியில் வரிசையாக நின்று தண்ணீரைக் கைமாற்றி விடுவது போல, ஒரு குடத்தில் உள்ளது அடுத்த குடத்துக்கு, அடுத்தது அதற்கடுத்ததற்கு என்று நகர்ந்து வரிசையின் கோடியில் அளக்கப்படுகிறது. இன்றைய செல்போன்களில் இருக்கும் சீமாஸ் வகையில் ஒவ்வொரு குடத்துக்கும் அங்கேயே அளவு பார்க்கும் ஏற்பாடு உண்டு.

ஐந்து மெகாபிக்ஸல் காமிரா என்றால் 50 லட்சம் குடங்கள். ஆனால் அத்தனையும் இருக்கும் இடம் ஏறக்குறைய 5.8 மில்லிமீட்டருக்கு 4.3 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது! நம் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் 36-க்கு 24. பரப்பில் முப்பத்துநான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் வெயிலில் பளிச்சென்று விழும் படம், கல்யாண மண்டபத்துக்குள் புள்ளி புள்ளியாகக் கரகரவென்று விழுகிறது. மூன்று நான்கு மீட்டருக்கு மேல் அந்தச் சின்ன ஃபிளாஷ் எட்டாது. ராத்திரியில் கோபுரத்தை ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். கோபுரம் இருட்டாகத்தான் விழும், முன்னால் நிற்பவரின் வழுக்கைத் தலை மட்டும் மின்னும். ஃபிளாஷும் லென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி நேரே லென்ஸுக்குள் வந்து எல்லோர் கண்ணும் சிவப்பாகிவிடும்.

ஷட்டர் விஷயம் ஒன்று. படத்தோடு காமிரா எழுதிவைக்கும் குறிப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் 1/80 நொடி என்று சில படங்களுக்கு இருக்கும். நம் பழைய கணக்கில் எண்பதில் ஒரு பங்குக்குப் பெயர் என்ன தெரியுமா? காணி! அந்த ஒரு காணி நொடியைவிட அதிக நேரம் ஷட்டர் திறந்திருந்தால் கை ஆட்டம் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். மங்கல் வெளிச்சத்தில் தூணில் சாய்ந்துகொண்டு எடுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆன பிறகு மீதியை அழுத்துங்கள். இதைச் செய்யாததால்தான் குழந்தை திரும்பி ஓடிய பிறகு முதுகு மட்டும் விழுந்தது என்று எல்லோரும் குறைப்பட்டார்கள்.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இதைப்பற்றிப் பேச்சு வந்தபோது ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அதிகம் கேட்ட குறை பாட்டரி. ஊரில் பெட்டிக்கடையில் வாங்கும் சாதா பென்சில் பாட்டரி நாலு படத்துக்கு மேல் தாங்காது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, கடிகாரமும் ரேடியோவும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், காமிரா லென்ஸை நீட்டி ஃபிளாஷைச் சார்ஜ் செய்ய ஒரே மடக்கில் கேட்கும். அந்த வேகத்தை இந்தப் பாட்டரி கொடுக்க முடியாது. அதற்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற, திரும்பச் சார்ஜ் செய்யும் வகைதான் சரி. இன்னொரு நண்பர், தன் தங்கை கல்யாணப் படங்களை யாரோ அழித்துவிட்டதாக வருந்தினார். அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்த மாதிரி; பக்கங்கள் உள்ளேயே இருக்கும், மேலே புதிதாக எழுதும் வரை. ஆகவே அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் தேடிப் பார்க்கலாம். அவருக்கு நாற்பது படத்துக்குமேல் கிடைத்துவிட்டன.

சரி, எங்கள் காமிராவுக்கு வருகிறேன். இழுப்பறையில் தேடி எடுத்தேன். உள்ளே விட்டிருந்த பாட்டரி இரண்டும் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தன. இது காரம், கையில் படாமல் கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவைத்தால் போதும். புதுப் பாட்டரி போட்டதும் லென்ஸ் 'கிர்' என்று நீண்டது. மகள் துள்ளிக் குதித்து, புதிதாக வாங்கிய 64 ஜிகாபைட் கார்டைச் செருகினாள். "கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது. பழைய காமிராக்கள் பல 2 ஜிகாபைட்டுக்கு மேல் உள்ள கார்டை அறியா. 2006-ல் தான் அதற்கு மேற்பட்ட புது வகையே வந்தது. இவள் கார்டைப் பிடுங்கிவிட்டு, மெனுவில் போய் மறுபடியும் ஃபார்மேட் பகுதியைத் திறந்தாள். அப்போது தற்செயலாகக் காட்சிப் பொத்தான் அழுந்தியது.

திரையில் அம்மா.

பேத்தியின் கையைப் பிடித்துத் தேங்காயை ஓங்கிக்கொண்டு, அரக்குச் சேலையில், வாய் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டு நிற்கிறாள். ஏழு படமும் இருந்தன.

நடந்தது இதுதான். அந்தக் காமிராவுக்குக் கார்டு தவிர உள்ளேயே 16 மெகாபைட் நினைவகம் உண்டு. அவசரத்துக்கு ஏழெட்டுப் படம் கொள்ளும். கார்டு இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் அதில் எழுதிக்கொள்ளும். பாட்டரி இல்லாமலும் அது அழியாது. கார்டு போட்டவுடன் அந்தப் படங்களை மறைத்துவிட்டுக் கார்டில் உள்ளதை மட்டும் காட்டும். காமிராவோடு வந்த கையேட்டில் இதெல்லாம் அச்சிட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. சத்தியப் பிரமாணத்துக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டு, "ஒண்ணும் விழல" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மகள் ஃபார்மேட்டை அழுத்தியிருந்தால்? கார்டு இல்லாத நேரத்தில் அது அழிப்பது உள் நினைவகத்தைத்தான். ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: பழைய காமிராவை விற்பதற்கோ, பிள்ளைகளிடம் கொடுப்பதற்கோ முன்னால், கார்டை எடுத்துவிட்டு வெறும் காமிராவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். படம் இருந்தால், பல காமிராக்களின் மெனுவில் "காப்பி" என்று ஒரு வசதி இருக்கும். 2 ஜிகாபைட்டோ அதற்குக் குறைந்ததோ ஒரு எஸ்.டி. கார்டைப் போட்டு அதற்கு மாற்றிவிடலாம். அல்லது யு.எஸ்.பி. ஒயர் மூலம் கம்ப்யூட்டருக்கு எடுக்கலாம். எடுத்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். திருப்பதியில் அன்று எழுதி வாங்கிய சி.டி.யை இப்போது போட்டுப் பார்த்தேன். பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. வீட்டில் எழுதும் சி.டி.யில் உள்ள சாயம் வருடங்கள் போகப் போக வெளுத்துவிடும்.

கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மகள், "ராத்திரி பதினோரு மணிக்கு எப்படிப்பா இவ்வளவு வெயில்?" என்றாள். காமிராக் கடிகாரத்தை நான் நியூ ஜெர்ஸி நேரத்திலேயே விட்டிருந்தேன். கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். அங்கே காலை எட்டரை, காமிராவுக்கு முதல் நாள் இரவு பதினொன்று. உங்கள் ஊர்ப் படங்களின் தேதியும் நேரமும் பொருந்தாவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஏழு படத்தையும் பெரிதாக அச்சிட்டுச் சித்தூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். காணிப்பாக்கம் கோயிலைப் புதுப்பித்து 2022 ஆகஸ்டில் குடமுழுக்கு செய்துவிட்டார்கள் அல்லவா, பழைய இடங்கள் தெரிகிறது என்று அவளுக்குச் சந்தோஷம். அம்மாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நாலாவது படத்துல பாரு. அம்மா கையில ரெண்டாவது தேங்காய் ரெடியா வச்சிருக்கா. குழந்தை உடைக்கறதுக்குள்ள அவளுக்கு அவசரம்" என்றாள்.