தலைமையகம் இல்லாத நாணயத்தில் விதிமாற்றம்

2009இல் தோன்றிய பிட்காயின் என்னும் இலக்க நாணயத்திற்குத் தலைமையகம் இல்லை. அதன் வலையமைப்பிலுள்ள சரிபார்ப்புக் கணிப்பொறி ஒவ்வொன்றும் புதிதாக வரும் பதிவுத் தொகுதியைத் தானே ஆராய்கின்றது. விதிக்கு மாறானதை, ஆக்கியவர் எவராயினும், தள்ளிவிடுகின்றது.

ஒரு தொகுதி 10 இலட்சம் பைட்டுகளுக்கு மேற்படலாகாது என 2010இல் வரம்பு வகுக்கப்பட்டது. பயன்படுத்துவோர் பெருகவே பதிவுகள் தேங்கின, கட்டணமும் ஏறிற்று. வரம்பை உயர்த்துக என்றனர் ஒரு சாரார். தொகுதி பெருத்தால் எளிய கணிப்பொறி உடையவர் சரிபார்க்கும் பணியினின்று விலக, அதிகாரம் சிலர் கைக்குச் சென்றுவிடும் என்றனர் மற்றவர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2017 ஆகஸ்டு 1 அன்று முன்னவருள் ஒரு பகுதியினர் பிரிந்து, 80 இலட்சம் பைட்டு வரம்புடன் பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயம் கண்டனர். எஞ்சியோர் அம்மாதம் 24ஆம் நாள் கையொப்பப் பகுதியை வேறாக வைக்கும் முறையை மேற்கொண்டனர். பழைய நிரலுடைய கணிப்பொறிகளும் வலையமைப்பினின்று விலக நேரவில்லை.