அறுவைக்குப் பின் தொடங்கும் மருத்துவம்

உடைந்த எலும்பைப் பொருத்துவதும் அடைபட்ட இரத்தக்குழாயைச் சீராக்குவதும் மருத்துவர் கையால் முடியும் காரியங்கள். ஆனால் நோயிலும் அறுவையிலும் இழந்த வலிமையை மீட்பது, நோயாளி தம் தசைகளைத் தாமே மீண்டும் மீண்டும் இயக்குவதால்தான் கைகூடும். அந்த இயக்கத்தை அளவறிந்து படிப்படியாக வகுத்துத் தரும் துறையே பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம்.

அசையாமல் படுத்திருந்தால்தான் தையல் பிரியாது என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் வேரூன்றியிருப்பினும், நீண்ட படுக்கை வாசமே தனியொரு கேடாக மாறுகிறது. பயன்படாத தசை விரைவில் மெலிகிறது. அதிலும் நிற்கும்போது உடலைத் தாங்கும் தொடை, கெண்டைக்கால் தசைகள் முந்திக்கொள்கின்றன. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடல்நலத்துடன் இருந்த முதியவர்களே 10 நாள் படுக்கையில் கிடந்ததால் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போருக்கு இந்த இழப்பு மேலும் கடுமையாகிறது. அதனுடன் நுரையீரலில் சளி தேங்குவதும், கால் சிரைகளில் இரத்தம் உறைவதும், எழுந்தவுடன் தலை சுற்றுவதும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே மருத்துவர் அனுமதித்த அளவில், பெரும்பாலும் அறுவைக்கு மறுநாளே பயிற்சி தொடங்கிவிடுகிறது. பாதத்தை மேலும் கீழும் அசைக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தியபடி சில நொடிகள் தொடையை இறுக்கித் தளர்த்தும்போது, மூட்டு வளையாமலே தசை விழித்துக்கொள்கிறது. தசையின் ஆற்றலை 0 முதல் 5 வரை மதிப்பிடுவது வழக்கம். புவியீர்ப்பை எதிர்த்துக் காலை முழுவதும் தூக்க முடிந்தால் மதிப்பு 3, எதிர்த்தழுத்தும் கையையும் மீறித் தூக்க முடிந்தால் அதற்கும் மேல். இந்த மதிப்பைப் பார்த்தே உட்காருதல், நிற்றல், வாக்கர் பிடித்து நடத்தல், படியேறுதல் என்ற வரிசை அமைகிறது.

இத்துறையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவாயிற்று. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பயிற்சியின் இலக்கு அவரவர் வாழ்க்கையிலிருந்து பிறக்க வேண்டும். கடலூரின் கடலோரத்திலுள்ள தேவனாம்பட்டினத்து மீனவருக்கு, மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நடப்பது பாதி வெற்றியே. கால் புதையும் மணலில் ஒவ்வோர் அடியையும் பிடுங்கி வைக்கவும், ஆடும் படகில் ஏறி வலை இழுக்கவும் இடுப்பும் கணுக்காலும் உரம் பெற வேண்டும். மீன் விற்கும் பெண்ணுக்குத் தரையிலிருந்து எழுவதும் கூடையைத் தூக்குவதுமே அளவுகோல். ஆயினும், இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர் மருத்துவரைக் கேளாமல் குந்தி உட்காரலாகாது.

தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நடக்க இயலாதவரை நாள்தோறும் அத்தனை தொலைவு அழைத்துச் செல்வது கூலிக் குடும்பங்களுக்கு ஆகாத காரியம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருவதன் அருமை இங்கேதான் விளங்கும். எனினும் பயிற்றுநர் வந்து செல்லாத நாள்களில் பயிற்சியைத் தொடரச் செய்வதும், முட்டை, மீன், பருப்பு எனப் புரத உணவு தருவதும், ஒரு காலில் திடீர் வீக்கமோ மார்வலியோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைவதும் வீட்டார் கடமை. நோயாளி தாமே செய்யக்கூடியதை அன்பின் மிகுதியால் பிறர் செய்துவிடாமல், விழாதபடி அருகில் நின்று அவரையே செய்யவிடுவது, எந்த மருந்துக்கும் குறையாத சிகிச்சையாகும்.