குடலும் மூட்டும்

மூட்டில் வீக்கங் கண்டால் மூட்டிற்கே தைலம் பூசுவது நம்மவர் வழக்கம். அந்நோயின் வித்து குடலிலும் இருக்கக்கூடுமென்று நாம் எண்ணுவதில்லை.

நமது குடல் எண்ணிறந்த பாக்டீரியாக்களின் உறைவிடம். எது பகை, எது நட்பு என்று உடலின் காவற்படைக்குப் பயிற்றுவிப்பதில் அவற்றிற்குப் பெரும் பங்குண்டு. அப்பயிற்சி பிழைபடின் காவலரே வீட்டாரைத் தாக்குவர். முடக்குவாதம் அத்தகைய நோயாம். மூட்டுநோய்க்குத் துணைபுரியும் மனித மரபணுவைப் புகுத்திய எலிகள், கிருமியே இல்லாச் சூழலில் வளர்ந்தபோது அந்நோயை அடையவில்லையென 1994-இல் அறியப்பட்டது. புதிதாய் முடக்குவாதமுற்றோர் குடலில் பிரிவொட்டெல்லா கொப்ரி என்னும் பாக்டீரியா மிகுந்திருப்பதை 2013-இல் நியூயார்க் அறிஞர் கண்டனர். அது நோய்க்குக் காரணமோ, நோயின் விளைவோ, இன்னுந் துணியப்படவில்லை.

சவ்வாது மலையில் குடலுக்கு வேறொரு குடியும் உண்டு. சாமைக் கொல்லையில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப்புழுவே அது. அதனை அறவே ஒழிக்கலாகுமா என்றறிய, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2017-இல் தொடங்கிய ஆராய்ச்சிக்கு இம்மலையும் திமிரியும் களங்களாயின. சில பகுதிகளில் சிறியோர் பெரியோர் யாவர்க்கும், ஆண்டிற்கு இருமுறையாக மூன்றாண்டுகள், அல்பெண்டசோல் மாத்திரை அளிக்கப்பட்டது.

இப்புழு, தான் பிழைக்கும்பொருட்டுக் காவற்படையைச் சற்றே அடக்கிவைக்கும். ஆயின் அதனை நீக்கினால் முடக்குவாதம் பெருகாதோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வச்சம் மெய்ப்பிக்கப்படாதது, புழு உதிரங்குடித்து விளைக்கும் சோகையோ கண்கூடு. ஆதலின் புழுவை நீக்கத் தயங்கலாகாது. மூட்டுகள் வீங்கிக் காலைதோறும் அரைமணிக்கு மேல் இறுகி நிற்பின், தைலத்தோடு அமையாது விரைந்து மருத்துவரை நாடுவோமாக.