கழிந்த இளமையும் பிரிந்த தோழனும்

கையறுநிலை என்னும் புறத்துறையை நீங்கள் பாடநூலிற் பயின்றிருப்பீர்கள். மன்னனோ வள்ளலோ மாய்ந்தபின், அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செயலற்று இரங்கிப் பாடுவது அது. பாரியை இழந்த கபிலரும், கோப்பெருஞ்சோழனை இழந்த பொத்தியாரும் அவ்வாறு பாடினர்.

உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வழங்கிய புறநானூற்றில், 243-ஆம் பாட்டும் இத்துறையைச் சார்ந்ததே. ஆனால் அதில் இறந்த மன்னன் எவனும் இல்லை. பாடுகின்ற முதியவரும் உயிரோடுதான் இருக்கிறார். மாண்டது அவருடைய இளமை.

மணற்பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துப் பொய்கையில் ஆடியதை அவர் நினைக்கிறார். கள்ளமறியாத தோழரோடு கூடி, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்கக் குதித்து, ஆழத்து மணலை அள்ளிவந்து காட்டியதையும் நினைக்கிறார். இன்றோ பூண் கட்டிய கோலூன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே ஓரிரு சொல் பேசும் முதுமை. அப்புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அக்கோலைக் குறிக்கும் தொடரே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார்.

மணலை ஏன் அள்ளிவர வேண்டும்? அடியைத் தொட்டதற்கு அதுவே சான்று. கிணற்றில் நீந்திப் பழகியவர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை. எங்கள் ஊர்க் கேணியில் என் தோழன் ஒவ்வொரு முறையும் அடிச்சேற்றோடு எழுவான். எனக்கு மூச்சுப் பற்றாது. ஒருநாள் நான் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு எழுந்து, கையை உயர்த்திக் காட்டினேன். மேலிருந்த சிறுவர்கள் ஆரவாரித்தார்கள். என் கையிலிருந்தது செம்மண், அடியிலிருப்பதோ கருஞ்சேறு. அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அதைப் பிறரறியப் பேசியதில்லை. எப்போதாவது சந்திக்கும்போது, என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவே.

சென்ற ஆண்டு அவன் மறைந்தான். செய்தி எனக்கு எட்டியபோது காரியமும் முடிந்திருந்தது.

தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களன் நான்கு என்பார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. உற்றாரை இழப்பது இழவு; முன்னிருந்த நன்னிலை கெட்டுத் தளர்வது அசைவு. தேர்வில் இவற்றைக் கலந்தெழுதிய மாணவர்க்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு. அது சற்றுக் கொடிதென்று இப்போது தோன்றுகிறது. தோழன் போனபோது இரண்டும் எனக்கு ஒன்றாகவே வந்தன. செம்மண்ணை ஏந்தி நின்ற அச்சிறுவனை அறிந்தவன் அவன் ஒருவனே. இனி அச்சிறுவன் இருந்ததற்கு என் சொல்லையன்றி வேறு சான்றில்லை.

அன்றிரவு பாட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இளமை எங்கே என்றுதான் முதியவர் வினவுகிறார். உடன் குதித்த தோழர் என்னவானார் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. முப்பது ஆண்டுகள் அதைப் பயிற்றியும், வகுப்பில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.