பக்கத்து வீட்டுக் கோழி தலை தொங்கினால்... உடனே தெருவுக்கே சொல்லுங்க!

தர்மபுரி மாவட்டக் கிராமங்களில் நாட்டுக்கோழி வளர்ப்புக்குப் பக்கத்து வீட்டு அனுபவம்தான் பாடம். அடைவைத்த ஏழாம் நாள் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, ரத்த நாளம் தெரியாததை எடுத்துவிடுவது, பேன் பிடித்த கோழி புரள்வதற்கு மணலில் சாம்பல் கலந்து வைப்பது, பருந்துக்குப் பயந்து குஞ்சுகளைக் கூடையில் கவிழ்ப்பது எல்லாம் அப்படி வந்தவைதான்.

இதேபோல உடனே சொல்ல வேண்டிய இன்னொன்று, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்கிற இந்த வைரஸ் நோய் வந்தால் கோழி தலையைத் தொங்கப்போடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். குணப்படுத்த மருந்து இல்லை. சில நாள்களில் கூண்டே காலியாகிவிடும்.

'சாகறதுக்குள்ள வித்துடலாம்' என்று சந்தைக்குக் கொண்டுபோனால், நோய் அடுத்த ஊருக்கும் போகும். நோய் கண்ட கோழியைத் தனியே அடைத்து, அக்கம்பக்கத்தில் சொல்லி, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுப்பதே சரி. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

வருமுன் காக்க வழி உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாம்களில் தடுப்பூசி இலவசம். 8 வாரம் தாண்டிய, நலமாக உள்ள கோழிகளுக்கு இறக்கைக்கு அடியில் போடுவார்கள். குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து உண்டு.

மேயும் கோழிக்கு வேலி தெரியாது. ஒரு வீடு விட்டுப்போனாலும் தெருவுக்கே ஆபத்து. முகாம் அன்று காலையில் கூண்டைத் திறக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு குரல் கொடுங்கள்!