நடுவில் நின்ற பிள்ளை நடுவராகலாமா?

காலை எட்டரை மணிக்குச் சூரமங்கலம் முதன்மைச் சாலையைக் கடப்பது எத்துணைக் கடினம் என்பதை நம் பங்கு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஜங்ஷனுக்கு விரையும் ஆட்டோக்கள், ஒன்றையொன்று முந்திவரும் பேருந்துகள், உழவர் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் சிறு சரக்கு வண்டிகள். இவற்றிற்கிடையே புத்தகப் பையைச் சுமந்து நிற்கும் நம் பிள்ளைகள்!

இதை நாள்தோறும் காணும் பெற்றோர் சிலரும் மறைக்கல்வி ஆசிரியர் சிலரும் அண்மையில் ஒரு யோசனையை நம்மிடம் முன்வைத்தனர். அளவுமீறிய வேகத்தில் செல்வோரின் வண்டி எண்களைப் பிள்ளைகளே குறித்து வரட்டும். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவ்வெண்களை ஆலய வளாகத்துப் பலகையில் எழுதி வைப்போம். பெரியவர் சொல்லுக்கு அடங்காதவனும் பிள்ளைகள் முன்னே வெட்கித் தலைகுனிவான் அல்லவா என்பது அவர்தம் வாதம். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனை இது. ஆயினும் நல்லெண்ணம் மட்டுமே ஒரு செயலை நற்செயலாக்கிவிடாது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பிள்ளைகளின் வழக்கு

பிள்ளைகளுக்கு இதில் பேச உரிமை உண்டா? ஐயமின்றி உண்டு. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அவர்களுள் 9,528 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள் போயின. நாடு முழுவதும் நேர்ந்த இறப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை மிதமிஞ்சிய வேகத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரே நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் கழியும் தூரம் அது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் ஆற்றல் சிறு பிள்ளைக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே பிள்ளைக்காகவும் சேர்த்துக் கணிக்க வேண்டிய கடமை ஓட்டுநருடையது.

அயல்நாட்டில் ஒரு முயற்சி

இங்கிலாந்து நாட்டின் சில பகுதிகளில் காவல்துறையினர் பள்ளிகளோடு சேர்ந்து ஒரு முறையைக் கையாண்டு வருகின்றனர். பள்ளியருகே வேக வரம்பைச் சிறிதளவே மீறிப் பிடிபட்டவர், அபராதம் முதலிய தண்டனைக்குப் பதிலாகப் பிள்ளைகள் சிலரின் முன்னே வந்து அமரலாம். 'ஏன் இவ்வளவு அவசரம்? நாங்கள் அப்போது சாலையைக் கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்ற வகையில் பிள்ளைகள் வினவுவர்; அவர் விடை கூறவேண்டும். இலண்டன் மாநகரிலும் தொடக்கப்பள்ளி மாணவர் பங்குபெறும் இத்தகைய திட்டம் நடந்துள்ளது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான முயற்சிகள் உண்டு. கேரளத்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாணவர் காவல் படைத் திட்டம் 2018-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. சாலைப் பாதுகாப்பு வாரங்களில் மாணவ மாணவியர் தலைக்கவசம் அணியாதோருக்கு ரோஜாப்பூ கொடுத்து அறிவுரை கூறுவதையும் நம் ஊர்களில் காண்கிறோம்.

இங்கிலாந்து முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகத்தை அளந்தது கருவி. வண்டியை நிறுத்தியது காவலர். அருகில் பெரியவர்கள் இருக்கின்றனர். பிள்ளைகளின் பங்கு கேட்பது மட்டுமே. நம்மவர் யோசனையிலோ கண்டுபிடிப்பதும், குற்றம் சாட்டுவதும், தீர்ப்பளிப்பதும், தண்டிப்பதும் ஆகிய நான்கும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றப்படுகின்றன. அப்பிள்ளை ஓர் எண்ணைத் தவறாகக் குறித்துவிட்டால், நிரபராதி ஒருவரின் நற்பெயர் பலகையில் தொங்கும். பிறர் பெயரைக் கெடுத்தல் ஒப்புரவில் அறிக்கையிட வேண்டிய பாவம் என்று அதே பிள்ளைக்கு நாமே மறைக்கல்வியில் கற்பிக்கிறோம்!

நற்செய்தி காட்டும் வழி

புனித மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தை வாசகர்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்குமாறு வேண்டுகிறோம். அதன் தொடக்கத்தில் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்துச் சீடர்களின் நடுவில் நிறுத்துகிறார். சிறியோருக்குக் கேடு விளைப்போரைக் கடுமையாக எச்சரிக்கிறார். அடுத்துக் காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயனைப் பற்றிச் சொல்கிறார். அதன் பின்னரே, குற்றம் செய்த சகோதரனை முதலில் தனிமையில் கண்டு திருத்துக என்றும், இணங்காவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்க என்றும், அதற்கும் இணங்காவிடில் மட்டுமே சபைக்குத் தெரிவிக்க என்றும் முறை வகுக்கிறார். ஆண்டவர் பிள்ளையை நடுவில் நிறுத்தினார், நடுவராக அமர்த்தவில்லை. அப்பிள்ளையைப் பார்த்த சீடர்கள் தங்களைத் தாங்களே நியாயந்தீர்க்க வேண்டியவர்களானார்கள்.

இளைஞனான தானியேல் முதியோரை விசாரிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சூசன்னாவைக் கொல்ல இழுத்துச் சென்ற கூட்டத்தைத் தடுத்து நிறுத்தி, மீண்டும் விசாரிக்க வைத்ததே அவன் முதலில் செய்தது. கூட்டத்தோடு சேர்ந்து கூவுவதற்கு இறைவன் அவனை எழுப்பவில்லை.

திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். முதல் நூற்றாண்டுகளில் பெரும்பாவம் செய்தோர் சபையார் காணப் பகிரங்கமாகத் தவம் புரிந்தனர். நாளடைவில் அயர்லாந்துத் துறவியர் பரப்பிய தனி ஒப்புரவு முறை எங்கும் வேரூன்றியது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யக் கட்டளையிட்டதோடு, கேட்ட இரகசியத்தை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையும் விதித்தது. பாவி நாணவேண்டும், ஆனால் அந்த நாணம் அவனைத் திருத்துவதாக இருத்தல் வேண்டும், ஊரார் சிரிப்புக்கு இரையாக்குவதாக இருத்தலாகாது என்பதைத் திருச்சபை நீண்ட அனுபவத்தால் கற்றுக்கொண்டது.

நாட்டுச் சட்டத்திலும் இந்த நயம் உண்டு. தவறிழைத்த சிறுவனின் பெயரையோ படத்தையோ வெளியிடுதல் ஆகாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் இந்த இரக்கத்தை, பிறருக்குக் காட்டலாகாது என்று பிள்ளைகளுக்கே பழக்கலாமா?

பலகையில் யாருடைய எண்?

நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என லாரித் தொழிலால் வாழும் ஊர்கள் நம்மைச் சூழ்ந்துள்ளன. நம் குடும்பத் தலைவர்களிலும் ஸ்டீயரிங் பிடித்துப் பிழைப்போர் பலர். சரக்கு இன்ன நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று நெருக்குபவர் வேறொருவர். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுபவர் வேறொருவர். முன்னே செல்லும் பேருந்தை முந்தினால்தான் வசூல், வசூல் இருந்தால்தான் படி என்ற நிலையில் ஓட்டுபவரும் உண்டு. இதனால் அவர்தம் வேகம் நியாயமாகிவிடாது. எனினும் பலகையில் ஏறுவது ஓட்டியவரின் வண்டி எண். விரட்டியவரின் பெயர் அதில் ஒருநாளும் ஏறாது.

இன்னொன்றும் உண்டு. பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுள் ஒருவன் தன் தந்தையின் வண்டி எண்ணை அங்கே காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் தோழர்கள் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். குற்றம் தந்தையுடையது, தலைகுனிவு யாருக்கு? சாலையில் காக்க நினைத்த பிள்ளையையே நாம் ஆலய வாசலில் காயப்படுத்துகிறோம்.

மணியை அடிப்பது யார்?

மனுநீதிச் சோழன் கதையைத் தமிழர் எவரும் மறவார். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் எழுந்து வந்து தன் மகனென்றும் பாராமல் நீதி செய்தான். அந்தத் தண்டனையை நாம் இன்று ஏற்கமாட்டோம். ஆனால் கதையில் உள்ள பொறுப்புப் பகிர்வு இன்றைக்கும் பொருந்தும். இழந்தது மணியடித்தது, அதிகாரமுடையவன் விடையளித்தான். நம் பிள்ளைகளும் மணியை அடிக்கட்டும். விடையளிக்க வேண்டியவர் பெரியவராகிய நாம். நாம் செய்யவேண்டியதைச் செய்யாமல் மணியடித்த கையிலேயே செங்கோலையும் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நீதியன்று, சோம்பல்.

இனிச் செய்யவேண்டியவை

முதலாவது, இல்லத்திலிருந்து தொடங்குவோம். 'அப்பா, மெதுவாகப் போங்கள்' என்று பிள்ளை சொன்னால், மறுசொல் பேசாமல் வேகத்தைக் குறைப்பது என்று ஒவ்வொரு தந்தையும் தாயும் உறுதி பூணுங்கள். தலைக்கவசம் பெட்ரோல் டாங்கின் மீதும் பிள்ளை அதன் பின்னாலுமாகப் பயணம் செய்யும் குடும்பம், அடுத்தவர் வண்டி எண்ணைக் குறிக்கப் புறப்படுதல் அழகன்று. பத்து நிமிடம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினால் பாதி வேகம் தானே அடங்கிவிடும்.

இரண்டாவது, பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, இத்தகைய குற்றத்துக்குப் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு இரத்தாகும். சிறுவனுக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் கிடைக்காது.

மூன்றாவது, பிள்ளைகள் தங்கள் அச்சத்தையும் வேண்டுகோளையும் கடிதமாக எழுதட்டும். எந்த இடத்தில் கடக்க முடியவில்லை, எங்கே வேகத்தடை வேண்டும், எங்கே வெள்ளைக் கோடுகள் அழிந்துள்ளன என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? அக்கடிதங்களோடு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் சென்று மன்றாடும் பொறுப்பைப் பங்குப் பேரவை ஏற்கும். வேகத்தை அளப்பதும் அபராதம் விதிப்பதும் அவர்கள் கடமை. ஓட்டுநரை நெருக்கும் உரிமையாளர் நம் பங்கில் இருப்பின், அவரைத் தனிமையில் கண்டு பேசுவது நம் கடமை.

நான்காவது, புது வண்டிகளை மந்திரிக்க ஆலயத்துக்குக் கொண்டுவரும் நற்பழக்கம் நம்மிடையே உண்டு. பயணியரின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை 2007-ஆம் ஆண்டு சூன் திங்களில் சாலைப் பணி பற்றிய வழிகாட்டியை வெளியிட்டு, அதில் ஓட்டுநருக்கெனப் பத்துக் கட்டளைகளையும் தொகுத்தளித்தது. கொலை செய்யாதே என்பது அவற்றுள் முதலாவது. சாலையில் எளியோரைக் காக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இனி நம் ஆலயத்தில் மந்திரிப்பு முடிந்ததும், சாவியை வீட்டின் இளைய பிள்ளையின் கையில் கொடுப்போம். தன் வேண்டுகோளைத் தன் சொற்களிலேயே சொல்லி அப்பிள்ளை சாவியைத் தந்தையிடமோ தாயிடமோ ஒப்படைக்கட்டும். தீர்த்தம் தெளிப்பது குருவின் பணி. அந்தச் சொல்லைக் காப்பது ஓட்டுபவரின் பணி.

பலகை வேண்டாம். சாலையில் செல்லும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு பிள்ளையின் முகம் இருந்தால் போதும். அம்முகத்தை எண்ணி வேகத்தைக் குறைப்பவர் தம் வீட்டுப் பிள்ளையை மட்டுமன்றி, ஆண்டவர் நடுவில் நிறுத்திய அந்தப் பிள்ளையையும் காத்தவராவார்.